நம்பிக் கேட்டவள்

தன் சாப்பாட்டில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்ற எண்ணம் கயல்விழிக்கு முதலில் வந்தது திருப்பூரில், பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. செக்கிங் பிரிவில் வேலை. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற பெண், இவள் தட்டை நீட்டும்போது மட்டும் கரண்டியை ஒருமுறை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுவதாகத் தோன்றியது. பிறகு தண்ணீர் கசந்தது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இவளைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். "இன்னிக்குக் குடிச்சாளா?" என்று ஒரு குரல் கேட்கும். "பாதிதான்" என்று இன்னொரு குரல் சொல்லும். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் உரிக்காத வாழைப்பழமும்தான் அவளுக்குச் சாப்பாடு என்று ஆனது. விடுதி வார்டன் போன் செய்ததும், கோயம்புத்தூரிலிருந்து அக்கா அன்புச்செல்வி ஓடி வந்தாள். தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தபோது வளையல் முழங்கை வரை ஏறியது.

"யாரும் ஒண்ணும் கலக்கல கண்ணு. இது சீக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனாச் சரியாப் போயிரும்."

அது நோய் என்று அவளுக்கு முதலில் சொன்னவள் அக்காதான். கயல்விழி அதை நம்பினாள். அக்கா சொன்னால் நம்புவது அவளுக்குப் பழக்கம். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா இறந்தபோது அவள் பால்பல் விழாத பிள்ளை. அப்பா கரும்பு வெட்டுக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். தலை வாரிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், வயசுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்ததும் பத்து வயது மூத்த அக்காதான். அக்காவைப் பேர் சொல்லியோ 'நீ' என்றோ அவள் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'வாங்க, போங்க'தான்.

மருத்துவமனையில் மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கயல்விழி சில மாதம் விழுங்கினாள், பிறகு நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பினாள். மாத்திரைதான் விஷம் என்று குரல்கள் சொன்னதால் ஒருநாள் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். எங்கெங்கோ தேடி, கடைசியில் தாராபுரத்தில் அமராவதி ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவளை அக்காவும் அவள் கணவர் பாலுசாமியும் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

அதற்குப் பிறகு குரல்கள் மெல்ல அடங்கின. "டாக்டரே இனி மாத்திரை வேண்டாம்னுட்டாரு கண்ணு. மாசாணியாத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்றாள் அக்கா. ஆனைமலைக்குக் கூட்டிப்போய் அம்மனைக் கும்பிட்டு வந்தார்கள். டாக்டரை அவ்வப்போது சும்மா பார்த்துவிட்டு வருவதோடு சரி. மருந்து மாத்திரை இல்லாமலே தனக்குக் குணமாகிவிட்டது என்று கயல்விழி நினைத்தாள். வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

ஆனால் குரல் போனதே தவிர, வேறொன்று வரவில்லை. சிங்காநல்லூரில் அக்கா வீட்டு உள்ளறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். குளிக்கச் சொன்னால் குளிப்பாள். சொல்லாவிட்டால் இல்லை. அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். கிரைண்டர் ஓடும், ஆட்கள் வருவார்கள், போவார்கள். அவள் அசையமாட்டாள். வீட்டுக்கு வரும் ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம், "ஏனம்மிணி, அக்காளுக்குக் கூடமாட ஒரு வேலை செஞ்சா என்ன?" என்பார்கள். செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். எழ வேண்டும் என்ற நினைப்புக்கும் எழுவதற்கும் நடுவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அறுந்து கிடந்தது. வருஷங்கள் அப்படியே போயின.

பக்கத்துத் தெருவில் மாவு வாங்க வருகிற ஒருவர்தான் அந்தப் பகல்நேர மையத்தைப் பற்றிச் சொன்னார். மாதா கோயில் வளாகத்துக்குப் பின்னால், பழைய வகுப்பறை ஒன்றில், மனச்சிதைவு நோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்குக் குழுப் பயிற்சி நடத்துகிறார்கள் என்று. அக்கா கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். சேர்த்த அன்று கயல்விழியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே நடத்துநரிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

நடத்துநர் பெயர் ஜோஸ்லின். முப்பதைத் தாண்டிய, குட்டையான பெண். பேசும்போது நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் பேசுவார். முதல் நாளே, "நீங்க சோம்பேறி இல்லைங்க. குரல் கேக்கறது எப்படி இந்த நோயோ, அதே மாதிரி ஒண்ணும் செய்யத் தோணாம இருக்கறதும் இதே நோய்தான். அதுக்கும் பயிற்சி இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

பயிற்சி என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்யும் முன், அதில் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் சொல்ல வேண்டும். செய்துவிட்டு வந்து, உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று மறுபடியும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லோருக்கும் முன்னால் சொன்னதைவிடப் பின்னால் சொன்னதுதான் கூடுதலாக இருக்கும். "பாத்தீங்களா, உங்க மனசு உங்களுக்குக் கம்மியாக் கணக்குச் சொல்லுது" என்பார் ஜோஸ்லின். கயல்விழி முதல் வாரம் செய்தது, துவைத்த துணியை மடித்து வைத்தது. முன்னால் பூஜ்யம் சொன்னாள். பின்னால் மூன்று.

அந்த வட்டத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி ஜபருல்லாவுடையது. உக்கடத்தில் அவன் மாமாவுக்கு மொபைல் கவர் விற்கிற கடை. காலையில் போய்க் கடை ஷட்டரைத் தூக்க வேண்டும் என்பது அவன் எடுத்துக்கொண்ட வேலை. வாரக்கணக்கில் அதே வேலையைச் சொல்லி, செய்யாமல் வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்காருவான். தூக்கிய அன்று பத்துக்குப் பதினொன்று என்றான். வகுப்பறை முழுக்கச் சிரித்தது. கயல்விழியும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தமே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஒருநாள் பேச்சு மாத்திரையின் பக்கம் திரும்பியது. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, உடம்பு பெருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கயல்விழி, "நான் மாத்திரையே போடறதில்லைங்க. நிறுத்தி வருசக்கணக்காச்சு. நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள். அவள் குழுவில் கேட்காமலே வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஜபருல்லா, "நெசமாலுமாக்கா?" என்றான். "நெசமாத்தான்" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

ஜோஸ்லின் இடையில் புகுந்து, "ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரிங்க. டாக்டர் சொல்லாம யாரும் எதையும் நிறுத்தக் கூடாது" என்றார். சொன்ன கையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

கயல்விழி எடுத்துக்கொண்ட அடுத்த வேலை, வீட்டில் எல்லோருக்கும் காலைக் காபியைத் தானே போட்டுக் கொடுப்பது. எளிய வேலை என்றுதான் நினைத்தாள். அக்கா மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"அடுப்புக்கிட்டயெல்லாம் வேண்டாம் கண்ணு. வேற எதாச்சும் செய்."

"காப்பிதானுங்கக்கா. நான் போட்டா என்னங்க?"

"சொன்னாக் கேளு. பால் பொங்கிப்போச்சுன்னா கையில கொட்டிக்குவ."

அக்கா குரலில் இருந்த பதற்றம் கயல்விழிக்குப் புரியவில்லை. குழுவில் வந்து சொன்னாள். மறுப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். ஜபருல்லா துண்டைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டு அக்காவாக நடித்தான். கயல்விழி அவன் முகத்தைப் பார்த்து, "நீங்க பயப்படறது எனக்குத் தெரியுதுங்க. ஒரு வாரம் செஞ்சு பாக்கறேன். சரிப்படலைன்னா விட்டர்றேன்" என்று சொல்லிப் பழகினாள். அப்படியே வீட்டிலும் சொன்னாள். பாலுசாமி, "செய்யட்டும் விடு அன்பு, பிள்ளை ஆசப்படறா" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் தலையசைத்தாள்.

காபி நன்றாகவே வந்தது. மாவு வாங்க வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அந்த வாரம் முன்னால் நான்கு, பின்னால் ஒன்பது.

காபியை அவள் கையில் எடுத்துக்கொண்ட அதே வாரத்தில்தான் சாயங்காலம் மோர் குடிக்கிற வழக்கம் வந்தது. மையத்திலிருந்து அவள் வீடு திரும்பும்போது டம்ளர் தயாராக இருக்கும். "வெயில்ல வந்திருக்கற. மோரு குடி." வேண்டாம் என்றாலும் அக்கா விடமாட்டாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். கயல்விழியின் மனதில், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒன்று புரண்டு படுத்தது. மோரில் ஏதோ இருக்கிறது.

மோரைவிட அந்த எண்ணம்தான் அவளைப் பயமுறுத்தியது. நோய் திரும்புகிறது, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். அழுதபடி ஜோஸ்லினிடம் தனியாகச் சொன்னாள்.

இப்படிச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டு. மூன்று கேள்விகள். எனக்கு இதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா? நான் நம்புகிற யாரிடமாவது இதை நேராகக் கேட்க முடியுமா? குழுவில் எத்தனையோ முறை எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தவைதான். ஆனால் அன்றைக்கு ஜோஸ்லின் அந்தக் கேள்விகளை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கயல்விழிதான் சொன்னாள்: "அக்காகிட்டயே கேட்டுப் பாக்கட்டுங்களா மேடம்?"

"கேளுங்க" என்றார் ஜோஸ்லின். "கட்டாயம் கேளுங்க."

அன்று சாயங்காலம் மோர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல எதாச்சும் கலக்கறீங்களா?"

அன்புச்செல்வியின் கை மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் அப்படியே நின்றது. பிறகு தங்கையின் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "மாசாணியாத்தா மேல சத்தியமா ஒண்ணுமில்ல கண்ணு. நான் கலப்பனா? உனக்கா?"

அந்த அணைப்பில் கயல்விழிக்கு எல்லாப் பயமும் கரைந்தது. மடமடவென்று குடித்து முடித்தாள். மறுநாள் குழுவில் நடந்ததைச் சொன்னாள். சந்தேகம் வந்தது, கேட்டேன், பொய் என்று தெரிந்துகொண்டேன், விட்டுவிட்டேன். இவ்வளவு தெளிவாக யாரும் அங்கே செய்து காட்டியதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஜோஸ்லினும் தட்டினார். தட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்க எழுந்து போனார்.

அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஜபருல்லாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு ஒருநாள் அவன் அம்மா மையத்துக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. "மாத்திரைய நிறுத்திப்போட்டான் மேடம். எங்களுக்குத் தெரியவே இல்ல. கேட்டா, குழுவுல ஒரு அக்கா மாத்திரை இல்லாமயே நல்லா இருக்காங்க, நானும் இருப்பேங்கறான். இப்ப வார்டுல கட்டி வெச்சிருக்கறாங்க" என்று சொல்லி உடைந்து அழுதார். அந்த அக்கா யார் என்று அவருக்குத் தெரியாது. அழுதுகொண்டே கயல்விழியின் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஜோஸ்லின் அன்றைக்கு வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினார். அதனால் கயல்விழியும் மதியமே வீடு திரும்பினாள். மனசு கனத்துக் கிடந்தது. நான் என் உண்மையைத்தானே சொன்னேன், அவன் ஏன் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டான் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பாலுசாமி அவளைக் கண்டதும், தேவைக்கு மேல் சத்தமாக, "என்ன அம்மிணி, அதுக்குள்ள வெசையா வந்துட்ட?" என்றார். அதற்குள் அவள் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

அன்புச்செல்வி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒரு சின்னப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே மோர் டம்ளர். சொட்டுச் சொட்டாக விழ, உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

அந்தப் பாட்டிலைக் கயல்விழிக்குத் தெரியும். மருத்துவமனையில் மாத்திரையைத் துப்புகிறவர்களுக்கு நர்ஸ் இதே சொட்டு மருந்துப் பாட்டிலைத்தான் எடுத்து வருவார்.

"அது என்னங்கக்கா?"

அன்புச்செல்வி பாட்டிலை முந்தானைக்குள் இழுத்தாள். மறைக்க முடியாது என்று புரிந்ததும் கை தானாகக் கீழே இறங்கியது.

"எத்தனை நாளாங்க?"

"கயலு, உக்காரு. சொல்றேன்."

"எத்தனை நாளா?"

"நீ ஆத்தங்கரையிலிருந்து வந்ததுலிருந்து."

பதினோரு வருஷம். கயல்விழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "காப்பியிலயா?"

"ஆமா."

"அதுக்குத்தான் அடுப்புக்கிட்ட விடலையா? நான் கேட்டேன். உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். மேடம் சொல்லிக் குடுத்த மாதிரியே கேட்டேன். நீ சத்தியம் பண்ணுன. என்னையக் கட்டிப் புடிச்சுட்டுச் சத்தியம் பண்ணுன."

அன்றைக்குத்தான் அவள் அக்காவை 'நீ' என்றாள். இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்தது.

"என்ன பண்ணச் சொல்ற?" அன்புச்செல்வி பாட்டிலை மேடையில் வைத்தாள். "சொன்னா நீ குடிச்சிருப்பியா? தண்ணியில எறங்கி நின்னவள இழுத்துட்டு வந்தவ நானு. இன்னொருக்கா அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல கண்ணு. டாக்டருகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன்."

"அன்னிக்குச் சரி. எனக்குப் புத்தி இல்ல. அப்பறம்? நான் எந்திரிச்சு நடமாடுன பொறவு? ஒரு நா, ஒரே ஒரு நா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லோணும் சொல்லோணும்னுதான்..." அக்கா முடிக்கவில்லை. பாலுசாமி வாசலில் வந்து நின்று, "உன் நல்லதுக்குத்தான் அம்மிணி" என்றார்.

"உங்களுக்கும் தெரியுமுங்களா மாமா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அங்க ஒரு பையன் கட்டிப்போட்டுக் கெடக்கறான்" என்றாள் கயல்விழி. "மாத்திரை இல்லாம நல்லா இருக்கறேன்னு நான் சொன்னேன். நம்பிட்டான். உன் பொய்ய என் வாயில சொல்ல வெச்சுப்போட்ட."

மோர் டம்ளரை எடுத்துக் கவிழ்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மையத்துக்கு முதல் ஆளாகப் போனாள். ஜோஸ்லின் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம்?"

"தெரியுங்க. சேத்துவிட்ட அன்னிக்கே உங்க அக்கா சொன்னாங்க. நீங்களே சொல்லிருங்கன்னு அவங்ககிட்ட நானும் பல தடவை கேட்டேன். குடும்பத்து விசயம், நாம உடைச்சா நீங்க மருந்தே வேண்டாம்னு போயிருவீங்களோன்னு..." ஜோஸ்லின் நிறுத்தினார். "நீங்க கேக்கறேன்னப்ப, அவங்க சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க சொல்லல. அடுத்த நாள் நான் வந்து சொன்னப்ப நீங்க கை தட்டுனீங்க."

"தட்டுனேங்க. தப்புதான்."

"ஜபருல்லா எங்கிட்ட 'நெசமாலுமாக்கா'ன்னு கேட்டப்பவும் உங்களுக்குத் தெரியும்."

ஜோஸ்லின் கையிலிருந்த நாற்காலியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு கேள்வி சொல்லிக் குடுத்தீங்க மேடம்" என்றாள் கயல்விழி. "மூணாவது கேள்விக்கு இனி நான் யாருகிட்டப் போறது?"

அவள் திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. அக்கா வீட்டில் அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. கடையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கித் தின்றாள். ஒருநாள் பழத்தை உரிக்கும்போது கை நின்றது. திருப்பூரில் தின்றதும் இதேதான். அப்படியென்றால் திருப்பூரிலும் கலந்திருப்பார்களா? சாம்பார் ஊற்றிய பெண்ணும் உண்மைதானா? இத்தனை வருஷமாக நோய், நோய் என்று ஒதுக்கி வைத்தவற்றில் எது நோய், எது நிஜம்? பிரித்துச் சொல்ல அவளுக்கு உலகத்தில் ஓர் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் அக்கா. துரோகம் என்றால் பொய் சொல்வது மட்டுமல்ல என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. காலுக்குக் கீழே இருந்த தரையையே அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மருந்து உள்ளே போகாமல் சில வாரம் ஓடியது. ஒண்டிப்புதூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, பின்னால் யாரோ தன் பேரைச் சொல்வது கேட்டது. திரும்பினால், அங்கே யாரும் இல்லை. ஒரு பூட்டிய கடைதான் இருந்தது. அக்கா பொய் சொன்னதும் நிஜம். மருந்து தேவைப்பட்டதும் நிஜம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்வதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. அக்கா ஒரு விஷயத்தில் சரி என்று ஆகிவிடுமே என்ற ஆத்திரத்தில், பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் தனியாக பஸ் ஏறி டாக்டரிடம் போனாள். அக்கா இல்லாமல் அந்த அறைக்குள் அவள் நுழைந்தது அதுவே முதல் முறை.

"சொட்டு மருந்து வேண்டாங்க. மாத்திரையாக் குடுங்க. எங்கையில குடுங்க. எதுக்கு, எவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க அக்காவக் குத்தம் சொல்லாதீங்கம்மா. அன்னிக்கு இருந்த நிலைமையில..."

"நான் குத்தம் சொல்ல வரலைங்க. நீங்களும்தான் எங்கிட்டச் சொல்லல. மாத்திரை எழுதுங்க."

அவர் எழுதினார்.

ஜபருல்லா மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு உக்கடத்துக் கடைக்குப் போய் அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவன் ஒரு மொபைல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப நீங்க சொன்னப்பவும் உங்களுக்குள்ள மருந்து இருந்துச்சு."

"இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

"சரிக்கா." கையிலிருந்த கவரைத் திரும்ப ஆணியில் மாட்டினான். "உங்க மேல கோவம் இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு அந்த வார்டு ஞாபகம் வருது."

அவள் தலையசைத்துவிட்டு வந்தாள்.

இப்போது கயல்விழி ஒண்டிப்புதூரில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரர் குழந்தையம்மாள் கேள்வி அதிகம் கேட்காதவர். அரை நாள் மட்டும் ஒரு சின்ன தையல் யூனிட்டில் செக்கிங் வேலை. சில நாள் எழ முடியாமல் படுத்தே கிடப்பாள். லீவு சொல்லிவிடுவாள். காலையும் மாலையும் மாத்திரையைத் தானே உரித்துத் தானே விழுங்குகிறாள். குழுப் பயிற்சிக்கு மறுபடியும் போகிறாள். ஜோஸ்லின் நடத்துகிற நாளில் அல்ல, வேறு ஒருவர் நடத்துகிற நாளில். மூன்று கேள்வி வரும்போது முதல் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்வி வந்தாள். கையில் டிபன் கேரியர். பஸ்ஸில் நின்றே வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. கயல்விழி பாய் விரித்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"அரிசீம்பருப்பு சோறு. உனக்குப் புடிக்குமேன்னு."

"வெச்சுட்டுப் போங்கக்கா." மறுபடியும் 'ங்க' வந்திருந்தது. அது பழைய 'ங்க' இல்லை. குழந்தையம்மாளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அன்புச்செல்வி கேரியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அடுக்கைத் திறந்து, ஒரு கை சோற்றை அள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். இன்னொரு கை. கண்ணில் நீர் வழிய வழிய, தங்கை முன்னால் உட்கார்ந்து தின்று காட்டினாள்.

"பாரு கண்ணு. நானே திங்கறேன். ஒண்ணுமில்ல பாரு."

கயல்விழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சோற்றில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. கை மடியிலிருந்து எழவே இல்லை.

"வேண்டாங்கக்கா" என்றாள். "என்னால முடியலைங்க."

அக்காவை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டாள். வழியில் மாவு வியாபாரத்தைப் பற்றியும் மாமாவின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். சிங்காநல்லூர் பஸ் வந்ததும் அன்புச்செல்வி படியில் ஏறி, திரும்பி, "அடுத்த வாரமும் வாரேன்" என்றாள். கயல்விழி வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பஸ் கிளம்பியது.